கறுப்பாக்கப்பட்ட திட்டு

அடிபட்ட கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் அவளைக் கலவையக்கா என்பார்கள். புதிதாக அடித்த கதவு பழைய கதவோடு ஒட்டிப்போக வேண்டும். அதற்கான கலவையைக் கண்ணளவிலேயே சொல்லிவிடுவாள். ஆனாலும் ஒரு தகரத் துண்டில் தடவி, காயவைத்து, பின்புறம் தேதி எழுதாமல் எதையும் நம்பமாட்டாள்.

செவ்வாய் கிரகத்தையும் அப்படித்தான் பார்த்தாள். வானம் வெளுக்கத் தொடங்கும்போது மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, தெரிந்ததைப் பென்சிலால் வரைவாள். பிறகு நடுவிலிருக்கும் கருந்திட்டின் நிறத்தைக் கண்ணிலேயே தாங்கிக்கொண்டு படியிறங்கி, கலந்து, தகரத்தில் தடவுவாள்.

"யாரு கார் அது, இவ்வளவு தூரத்துல கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க?" என்பான் கணவன்.

பதினொரு வாரம், அது கண்ணுக்குத் தெரிந்த நாளெல்லாம் திட்டு சாம்பல் கலந்த கறுப்பாகவே இருந்தது. ஒரு வியாழக்கிழமை அதில் பாதியைக் காணோம். மீதியும் காவி மஞ்சளாக வெளுத்திருந்தது. அப்படியே வரைந்து, மாதக் கடைசியில் மற்ற நாட்களின் படங்களோடு வானியல் மன்றத்துக்கு அனுப்பினாள்.

மன்றத்தின் மாத இதழில் அவளுடைய வியாழக்கிழமைப் படம் வந்தது. திட்டு கன்னங்கரேலென்று இருந்தது. கீழே ஒரு வரி: 'அன்று புழுதிப்புயலின் அறிகுறி ஏதுமில்லை.' அதற்குள் புயல் செவ்வாய் முழுவதையும் மூடிவிட்டிருந்தது. என்றைக்குத் தொடங்கியது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு கூட்டத்தில் செயலாளரின் மேசைக்கு நேரே போய் நின்றாள். அவர் நில வரைபட அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்.

"யாரு சார் என் படத்துல கை வெச்சது?"

"நான்தாம்மா. மங்கலா விட்டிருந்தீங்க. செவ்வாய் வரைபடத்துல அந்த இடத்துல திட்டு இருக்கே."

"இருக்கறதைத்தான் புழுதி மூடிடுச்சே! மூடினதைத்தானே வரைஞ்சேன்?"

"கண்ணு அசந்திருக்கும்னு நினைச்சேன்."

"அசந்த கண்ணுதான் போன வருஷம் உங்க கார் கதவுக்கு நிறம் சேர்த்துச்சு. எந்தக் கதவுன்னு இப்பச் சொல்லுங்க பாப்போம்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். செயலாளர் அசலை எடுத்து வைத்தார். அசலின் மேலேயே பென்சிலால் தேய்த்திருந்தார். பையிலிருந்த தகரத் துண்டுகளை மேசையில் கொட்டினாள். வியாழக்கிழமை, காவி. வெள்ளிக்கிழமை, அதைவிட மஞ்சள்.

செயலாளர் கோப்பைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமைப் படத்துல திட்டு கறுப்பாத்தானே இருக்கு? இதுல நான் கை வெக்கலையேம்மா."

அவளுக்கு நினைவு வந்தது. அன்றும் காவியாகத்தான் பார்த்தாள். ஒருநாள் தவறலாம், இரண்டு நாளுமா என்று தன்மேலேயே சந்தேகம் வந்து, வரைபடத்தை விரித்துப் பார்த்து, தன் கையாலேயே கறுப்பாக்கினாள். கலக்கும்போது மட்டும் பட்டறைப் பழக்கம் பொய் சொல்ல விடவில்லை. இப்போது கோபம் இரண்டு பக்கமும் பாய்ந்தது. ஒரு பக்கமும் தணியவில்லை.

"ஆமா. அது நான் பண்ணின அயோக்கியத்தனம். இது நீங்க பண்ணினது. ரெண்டையும் இதழ்ல போடுங்க."

"மன்றத்துக்குக் கெட்ட பேரும்மா. உங்களுக்கும்தான்."

"வரட்டும். என்னைக்குத் தொடங்குச்சுன்னு தேடறவங்களை ஏமாத்தறதைவிடவா?"

நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் பெருமூச்சுவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"அது வேண்டாம்," என்றாள். "பேனால எழுதுங்க."