தட்டிக் கேட்கும் மேசை

கனடாவில், மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸில் நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்தோம். ஆளுக்கொரு ஷிஃப்ட். ஞாயிறு மத்தியானம் மட்டும் ஒன்றாகச் சாப்பிடுவோம், சண்டையும் அப்போதுதான். பேக்கரியில் வேலை செய்த அண்ணை சைவம். அவருடைய சட்டியில் எங்களோடு இருந்த மன்னார்க்காரன் ஒருநாள் மீன்குழம்பு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் ஏச்சு மட்டும்தான். சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தார். யூனியன்வில்லில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் போன் எடுத்து, மாதக் கடைசி ஞாயிறு வந்து பார்ப்பேன், வீடு அடங்கியிருக்காவிட்டால் எல்லாரும் வெளிக்கிட வேண்டும் என்றார். அந்த வாடகைக்கு வேறு இடம் கிடையாது. ஊர் ஊராக மாறித் திரிந்தவன் நான். ஆனால் அந்த வீட்டை விட எனக்கு மனமில்லை.

அப்போதுதான் மடத்தின் நினைவு வந்தது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கனடாவுக்கு வரும் வழியில் ஒரு குளிர்காலம் பிரான்சில் அகப்பட்டேன். பேப்பர் இல்லை, காய்ச்சல் வேறு. வயல்வெளி நடுவே இருந்த ஒரு பழைய துறவிமடத்தின் கதவைத் தட்டினேன். யாரென்று கேட்காமல் உள்ளே எடுத்தார்கள். பனி உருகும்வரை உருளைக்கிழங்கு கழுவினேன், மாட்டுக்கொட்டில் கூட்டினேன்.

பல நூறு வருசத்து மடம் அது. முதலில் வந்த துறவிகள் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து வயலாக்கினார்களாம். ஒரு போரில் மடம் எரிந்தது, திரும்பக் கட்டினார்கள். பிறகு புரட்சிக்காலத்தில் அவர்களைத் துரத்திவிட்டு, சுவர்க் கல்லைக் கழற்றிக்கொண்டு போய் ஊரார் தொழுவம் கட்டினார்கள். தலைமுறைகள் கழித்துச் சிலர் திரும்பி வந்து, கூரையில்லாத மண்டபத்தில் மேசையைப் போட்டுச் சாப்பிட்டார்கள். அப்படித்தான் மடம் மறுபடி தொடங்கியது.

அவர்கள் சாப்பிடும்போது பேசுவதில்லை. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். தனக்கு வேண்டியதை யாரும் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் பார்த்து, மேசையில் தட்டி, அவருக்காகக் கேட்க வேண்டும். பார்க்காவிட்டால் பட்டினிதான்.

ஞாயிறுகளில் நாங்களும் இப்படியே சாப்பிடுவோம் என்று நான் சொன்னதும், எங்களோடு இருந்த லொறி ஓட்டும் தம்பி சிரித்தான். “உவர் எங்களைச் சாமியாராக்கிப்போட்டுத்தான் விடுவார்.”

“மீன் தின்னுற சாமியாரும் இருக்கினமோ?” என்றார் பேக்கரி அண்ணை.

“சட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கிற சாமியார் இருக்கேக்க, ஏன் இருக்கக்கூடாது?” என்றான் மன்னார்க்காரன்.

வேறு வழி தெரியாததால் ஒத்துக்கொண்டார்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினேன். தமிழ்க்கடையில் இலவசமாகக் கிடைக்கும் பேப்பரை லொறித் தம்பி வாசித்தான்: வீட்டு விளம்பரம், மரண அறிவித்தல், ராசிச் சாத்திரம்.

முதல் ஞாயிறு மன்னார்க்காரனின் இடியப்பத்துக்குச் சொதி இல்லை. அண்ணை கண்டார், கண்டுவிட்டு முகட்டைப் பார்த்தார். அவன் வாய் திறக்காமல் வெறும் இடியப்பத்தை விழுங்கி முடித்தான். அடுத்த ஞாயிறு அண்ணைக்குச் சம்பல் எட்டவில்லை. மன்னார்க்காரன் உடனே தட்டினான். அண்ணை அந்தச் சம்பலைத் தலை குனிந்தபடி சாப்பிட்டார். அதற்கடுத்த வாரம் அவன் கோப்பையில் தண்ணீர் குறைய முதலே அண்ணையின் விரல் மேசையில் விழுந்தது. ஏச்சும் அந்த வாரத்தோடு நின்றது.

கடைசி ஞாயிறு சொந்தக்காரர் வந்தார். பேசாமல் அவருக்கும் இடியப்பத் தட்டு ஒன்றை வைத்தோம். அவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“சொதி இல்லையோ?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. தம்பி மரண அறிவித்தலை வாசித்துக்கொண்டே இருந்தான். திடீரென்று அண்ணையும் மன்னார்க்காரனும் ஒரே நேரத்தில் மேசையில் தட்டி, சொதிச் சட்டியைக் காட்டினார்கள். சட்டி அவரிடம் போனது.

சாப்பிட்டு முடிந்த பிறகு முறையை விளங்கப்படுத்தினோம்.

“என்ர வீட்டில நாலு பேர். ஆளுக்கொரு அறையில வைச்சுத்தான் சாப்பாடு,” என்றார். பிறகு, “இருங்கோ. ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம்.”

அடக்கி வைத்திருந்ததெல்லாம் கிளம்பியது. கத்தினோம், கட்டிப்பிடித்தோம், அண்ணை மன்னார்க்காரனைத் தூக்கவே பார்த்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். சொந்தக்காரரே எழுந்து போய், ஒரு பிரச்சினையும் இல்லை என்று அவருக்குக் கையைக் காட்டினார்.