திக்கிச் சொன்ன பேர்

இன்று மகளை ஆறாம் வகுப்பில் விட்டு வந்தேன். சோமனூரில் நான் படித்த அதே பள்ளிக்கூடம்.

எனக்குப் பேச்சு திக்கும். அங்கே என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தந்தியடிக்கிற மாதிரிப் பேசுகிறேனாம், 'தந்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். மகளுக்கும் என் திக்கல் வந்திருக்கிறது. வேறு பள்ளி பார்க்கலாம் என்றேன். "பக்கத்துல இருக்கறத விட்டுப்போட்டு எங்கீங்க போறது?" என்றார் மனைவி.

வகுப்பு வாசலில் டீச்சர் கேட்டார். "பாப்பா பேரு என்னங்க?"

நான் வாயைத் திறந்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள்.

மகள் என் கையை விட்டுவிட்டு முன்னே போனாள்.

"ப... ப... பவித்ராங் டீச்சர். எ... எனக்குப் பேசறதுக்குக் கொஞ்சம் நேரமாகும்."

"ஆகட்டும் கண்ணு, நமக்கென்ன அவசரம்," என்றார் டீச்சர்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் நகர்ந்து உட்கார்ந்து, "இங்க வா, ஃபேன் காத்து நல்லா வரும்," என்றாள்.

எனக்குக் காலையில் இறங்காத சோறு மதியம்தான் இறங்கியது.

சாயங்காலம் பைக்கில் வீடு வரும்வரை மகள் வாயை மூடவில்லை. அந்தப் பெஞ்சுக்காரி வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறதாம்.

"ஒண்ண நாம வா... வாங்கிக்கறோம்னு சொல்லிப்போட்டனுங்ப்பா."

நாய் வளர்க்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் என்ன கொடுப்பது, வீட்டில் எப்படிச் சொல்வது?