ஏற்றத்தில் மிஸ் அடித்த லாரி

நான் ஓட்டியது, யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துப் போட்ட பழைய பெட்ரோல் லாரி. மத்திய அந்தமானில் காட்டை வெட்டி ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கேம்ப்புக்கும் படகுத்துறையான ரங்கத் ஜெட்டிக்கும் இடையில் கல், அரிசி, ஆட்கள் எல்லாம் அதில்தான் போகவேண்டும். டிரைவரும் நானே, மெக்கானிக்கும் நானே. ரோட்டு வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருந்தார்கள். வங்காளிக் குடும்பங்கள் புதிதாகத் திருத்திய வயல்களின் ஓரமாக இருந்தன. நான் லாரி ஷெட்டை ஒட்டிய தகர அறையில் இருந்தேன். தமிழில் பேச லாரியைத் தவிர யாருமில்லை. அதையும் பெரும்பாலும் திட்டிக்கொண்டுதான் இருப்பேன். நான் ஏதோ மந்திரம் சொல்வதாக ராஞ்சிக்காரர்கள் நினைத்தார்களாம்.

மழை ஓயும் சமயத்தில் லாரி மிஸ் அடிக்க ஆரம்பித்தது. ஷெட்டில் நின்று ஓடும்போது ஆறு சிலிண்டரும் ஒழுங்காக இருக்கும். ஜெட்டிக்குப் போகும் வழியில் ஒரு ஏற்றம் உண்டு. அங்கே பாரம் இழுக்கும்போது மட்டும் இருமும், உதறும், சைலன்சர் வழியாக டப் டப்பென்று வெடிக்கும். பீப்பாய் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டாங்கைக் காலி செய்து, துணியில் வடிகட்டி ஊற்றினேன். பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கியும் பார்த்தேன். எதைப் பிடுங்கினாலும் சத்தம் தடுமாறியது. அப்படியென்றால் ஆறும் வேலை செய்கிறது. ஆனால் ஏற்றத்துக்குப் போனால் பழையபடி இருமல்.

இந்த மாதிரிக் கோளாறுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஆக்சிலேட்டரை அமுக்கி அமுக்கி விடவேண்டும், ஒருவர் பானெட்டுக்குள் குனிந்து பார்க்கவேண்டும். நான் பெடல்மேல் கல் வைத்துவிட்டு முன்னால் ஓடுவேன். கல் அமுக்கிக்கொண்டு கிடக்குமே தவிர, விட்டு விட்டு அமுக்க அதற்குத் தெரியாது.

கப்பல் நாள் வந்தது. ஜெட்டியிலிருந்து மோட்டார் போட்டில் லாங் ஐலண்டுக்குப் போய், அங்கே போர்ட் பிளேர் கப்பல் பிடிக்கவேண்டும். காலையிலேயே மூன்று பேர் ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பேர் லீவில் மெயின்லேண்ட் போகும் ஆட்கள். மூன்றாவது ஒரு வங்காளி அம்மாள். ஐம்பது வயது இருக்கும், கல்கத்தா போகத் தகரப் பெட்டியோடு வந்திருந்தாள். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த ஆண்கள் இருவரும் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள். அவளுக்கு முட்டிவலி, பெட்டியும் கனம். பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவன் காடு திருத்தும்போது மரம் சாய்ந்து இறந்தவன் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்குமேல் எனக்கு அவளைத் தெரியாது. எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது அரைகுறை இந்திதான். அவள் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"வண்டி போகுமா, பேட்டா?"

"ஏத்தத்துல நின்னுடும், மாஷி. ஏன்னு தெரியல." மாஷி என்றால் வங்காளியில் சித்தி.

நான் கல்லை வைத்துவிட்டு முன்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கல்லுக்குப் பதிலா நான் உட்காரட்டுமா?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. வேறு வழியும் இல்லை. கைகொடுத்து சீட்டில் ஏற்றினேன். காலெல்லாம் வயல் சேறு. பெடலில் வைப்பதற்கு முன் சேலைத் தலைப்பால் பாதத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தபாவ்" என்றால் அமுக்கவேண்டும், "சோடோ" என்றால் விடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். முதல் தடவை எஞ்சின் உறுமியதும் பயந்து காலை எடுத்துவிட்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு நான் சொல்வதற்கு முன்பே அமுக்கினாள். எட்டிப் பார்த்தேன். முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அவள் அமுக்கும்போதெல்லாம் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடியில் தாங்கும் ரப்பர் நைந்துபோயிருந்தது. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில், டிரைவருக்கு முன்னால் உள்ள தகரச் சுவரில் இருக்கிறது; அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே போகும் மெல்லிய ஒயர், எஞ்சின் சாயும்போது விறைத்தது. விறைத்த அதே நொடியில் ஒரு வெடி.

"இன்னொரு தடவை, மாஷி."

மறுபடியும் விறைத்தது, வெடித்தது. குச்சியால் ஒயரை இழுத்துப் பார்த்தேன், எஞ்சின் இருமியது. விட்டேன், சரியாக ஓடியது. நிறுத்திவிட்டு ஒயரின் மேல்துணியைக் கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகி, ஒரு இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது ஒயர் போலத்தான் இருக்கும்.

மாற்று ஒயர் இல்லை. ஹாரனுக்குப் போகும் ஒயரை வெட்டி, எஞ்சின் சாய்ந்தாலும் இழுக்காதபடி தாராளமாகத் தொங்கவிட்டு முறுக்கினேன். அதன்பிறகு அந்த லாரிக்கு ஹாரன் கிடையாது. அடித்தாலும் கேட்க அந்த ரோட்டில் யாரும் இல்லை.

பெட்டியைப் பின்னால் ஏற்றி, அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்த இருவரும் லாரியைப் பார்த்ததும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். ஒரு மிஸ் கூட இல்லை.

"கல்கத்தாவுல யார் இருக்காங்க மாஷி?"

"தங்கச்சி. ஒரு ரூம்ல ஏழு பேரு. எனக்கு எங்க இடம் இருக்குன்னு தெரியல." பின்னால் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இங்க கொழுந்தன் வீட்டுல இடம் நிறைய. யாரும் போன்னு சொல்லல. இருன்னும் சொல்லல."

இறக்கத்தில் வரும்போது கேட்டாள்: "எத்தனை நாளா இதைத் தேடினே?"

"ரொம்ப நாளா. அமுக்க ஆள் இல்லையே."

"ஆள் இல்லையா? ஓடைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பேர் இருக்காங்க. யாரையாவது கூப்பிட்டியா?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். யாரையும் கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜெட்டியில் போட் தயாராக நின்றது. பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். பலகைமேல் நடக்கையில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். போட்டில் உட்கார்ந்ததும் கைகாட்டுவாள் என்று நின்றேன். அவள் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கல்கத்தா போய்ச் சேர்ந்தாளா, அங்கே இடம் கிடைத்ததா, எனக்குத் தெரியவே இல்லை.

திரும்பும்போது லாரியில் பாரம் இல்லை. எஞ்சின் அத்தனை நன்றாக ஓடியது. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தேன். கேம்ப்பில் ராஞ்சிக்காரர்களின் மேஸ்திரி ஓடைப் பாலத்தருகே நின்றிருந்தான். வண்டியை நிறுத்தி, லாரி சரியாகிவிட்டது என்றேன்.

"கராப் தா க்யா?" என்றான். கெட்டுப்போயிருந்ததா என்ன என்று அர்த்தம்.

ஆமாம் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு ஓடையைத் தாண்டி நடந்தான்.