மீனிடம் கேட்ட கேள்வி

அந்தக் கேள்வி காதில் விழுந்தபோது அவள் சமையலறையில் நின்றுகொண்டே ஆறிப்போன சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியாடா தங்கம்? ஒரே ஒரு வாய் சாப்பிடேன்."

கேட்டது அவள் கணவர். அவர் கேட்டது, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் கிடந்த மீனிடம். வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. கல்யாணமாகி, பெற்ற மகளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வார்த்தை அவளைப் பார்த்து அவர் வாயிலிருந்து வந்ததில்லை. ஜென்ம விரோதி வீட்டுக்கு வந்தாலும் கேட்கிற கேள்வி அது. இப்போது மீனைப் பார்த்து, அதுவும் மண்டியிட்டு, அதுவும் தங்கம் என்று கொஞ்சி!

ஊருக்கே ஊட்டுகிறவள் அவள். பெரிய ஆஸ்பத்திரியில், தானாகச் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டிவிடுவதுதான் வேலை. வார்டில் எல்லோருக்கும் அவள் சாப்பாட்டக்கா. வாயை இறுக மூடிக்கொண்டு, ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை அவள் தலையில்தான் கட்டுவார்கள். அவள் "ஆ காட்டுங்க" என்று கெஞ்சமாட்டாள். எதிரே உட்கார்ந்து வாயையே பார்க்கமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்தபடி, ஸ்பூனை அவர்கள் கடைக்கண்ணில் படுகிற மாதிரி பிடித்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து, சரி, வேண்டாம் போலிருக்கிறது என்பதுபோல் மெல்லக் கையை இழுப்பாள். போகிற ஸ்பூனைப் பார்த்ததும் வாய் தானாகத் திறக்கும். தேடி வருவதை வேண்டாம் என்கிற மனசு, கையை விட்டுப் போவதை விடாது. இப்படி ஊரார் வயிற்றையெல்லாம் நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, சமைத்து, அவருக்குப் பரிமாறி, மிச்சத்தை நின்றபடியே விழுங்கிவிட்டுப் படுப்பாள்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் அவருக்குப் பெயர் பிரேக் வாத்தியார். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டிலும் யார் பேச்சையும் பாதியில் நிறுத்துகிற பழக்கம் வந்துவிட்டது. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு என்று அவள் அக்கா கேட்பாள். என்ன வேண்டும் என்று அவளுக்கும் சொல்லத் தெரியாமல்தான் இருந்தது. மீன் வந்த பிறகு தெரிந்துவிட்டது.

அது வேட்டை மீன். கரும்பச்சை உடம்பில் நீலப் புள்ளி தெளித்து, பார்வைக்கு விராலின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். தொட்டியைக் கொண்டுவந்து வைத்த மீன்கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். உயிரோடு குட்டி மீன்களைப் போட்டுப் பழக்காதீர்கள், நோய் ஒட்டிக்கொள்ளும். இறால் துண்டு போதும். ஆனால் இடம் புதிது, சில நாள் பட்டினி கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. விளக்கை அணைத்துவிட்டு, கிட்டேயே போகாமல் விட்டுவிடுங்கள். 'இறால் துண்டு' வரைக்கும் கேட்டுக்கொண்ட வாத்தியார் அங்கேயே பிரேக் போட்டுவிட்டார்.

விடிந்ததும் விளக்கைப் போட்டுக்கொண்டு தொட்டிமுன் உட்காருவார். சாவிக்கொத்தால் கண்ணாடியில் டொக் டொக்கென்று தட்டுவார். ஒரு துண்டு போடுவார். மீன் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று போடுவார். போட்டதெல்லாம் அடியில் கிடந்து அழுகித் தண்ணீர் நாறும். வாளியைத் தூக்கிக்கொண்டு வா என்று அவளுக்கு உத்தரவு வரும். மகளாவது போனில் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசுவாள் என்று பார்த்தால், அவளும் எடுத்த எடுப்பில் மீன் சாப்பிட்டதா என்றுதான் விசாரித்தாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன்மேலா, அவர்மேலா, இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்த தன்மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துப் பார்த்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்று இராச்சாப்பாட்டை நிறுத்தினாள். அவருக்குப் பரிமாறுவாள், மிச்சத்தை மூடிவைப்பாள், படுத்துவிடுவாள். ஒருநாள் அவர் வயிறாரச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டுவிட்டு, மீனைப் பார்த்து, பாவம், வயிறு ஒட்டிப்போய்விட்டது என்று உச்சுக்கொட்டினார். வயிறு ஒட்டிப்போன இன்னொருத்தி அவர் கைதுடைக்கத் துண்டோடு பக்கத்தில் நின்றது கண்ணில் படவில்லை. அந்த மீன் செத்துத் தொலையட்டும் என்று அவள் மனசார நினைத்தாள்.

மறுநாள் மதியம், காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது அவர் வீட்டில் இல்லை. கூடத்தைப் பெருக்க வந்தவள் தொட்டிக்குள் பார்த்தாள். மூலையில் ஒடுங்கி, செவுள் மட்டும் படபடக்க, அது விழித்துக்கொண்டு கிடந்தது. வார்டில் புதிதாகக் கொண்டுவந்து போட்ட நோயாளிகளிடம் அந்த விழிப்பை அவள் பார்த்திருக்கிறாள். இந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது? இப்படி முன்னால் உட்கார்ந்து விடாமல் முறைத்தால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்?

விளக்கை அணைத்தாள். தொட்டியைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டாள். துணி மடித்து, காய் நறுக்கி வைத்துவிட்டு, சாவகாசமாக ஒரு நீளக் குச்சியின் நுனியில் இறால் துண்டைக் குத்தி எடுத்து வந்தாள். தொட்டிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி, குச்சியைத் தண்ணீரில் விட்டு அசையாமல் பிடித்தாள். பிறகு, வேண்டாமென்றால் போ என்பதுபோல் மெல்ல இழுத்தாள். சளப்பென்று ஒரு சத்தம். முழங்கைவரை தண்ணீர் தெறித்தது. குச்சியில் இறால் இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் பட்டாள்.

அவரிடம் சொல்லவில்லை. தினமும் மதியம் ஊட்டிவிட்டுப் போர்வையை மடித்து வைத்துவிடுவாள். வயிறு நிறைந்த மீன், அவர் மாலையில் போடுவதை ஏறெடுத்தும் பார்க்காது. அவர் கிடந்து தவிப்பார். பார்க்க அவளுக்கு இனித்தது. இதை நல்ல குணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லவும் வேண்டாம். கடைசியில் அவருக்கே சாப்பாடு இறங்காமல் போனது. ஒருநாள் பாதியில் எழுந்தவரைப் பார்த்து, ஏன் வைத்துவிட்டீர்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பழகிப்போன அந்தப் பாழாய்ப்போன வாய்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

விடுமுறை நாள் ஒன்றில் அவர் ஒரு முடிவோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏய், உங்க ஆஸ்பத்திரில மூக்கு வழியா கஞ்சி விடுவாங்களே, அந்த டியூப் ஒண்ணு எடுத்துட்டு வா. நீ அது தலைய புடிச்சுக்க. நான் வாய்ல சொருகி ஊத்திடறேன்."

அவள் வேலையைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் அடுப்பை அணைத்தாள்.

"அது சாப்பிடுது."

"என்னது?"

"தினமும் சாப்பிடுது. நான்தான் குடுக்கறேன். உங்க மூஞ்சிய பாத்தாத்தான் அதுக்குப் பசி போயிடுது."

முதலில் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. என்னை இத்தனை நாள் பைத்தியக்காரனாக்கிவிட்டாயே, எதற்கு மறைத்தாய் என்று குதித்தார். குதித்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"மறைச்சது இன்னொண்ணும் இருக்கு. நான் ராத்திரி சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு. மீன் வாயத் தொறக்கலன்னு உசிரையே விட்டீங்களே, என்னை என்னைக்காவது ஒரு தடவை, சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீங்களா?"

"இது ஒரு பேச்சா? சமைக்கறதே நீதான். எடுத்துப் போட்டு சாப்பிட வேண்டியதுதானே. யாரு வேணாம்னா?"

"மீன்கிட்டயும் அதையே சொல்லியிருக்கலாமே. துண்டு போட்டிருக்கேன், எடுத்து சாப்பிட வேண்டியதுதானேன்னு."

வாத்தியாரின் வலதுகால் தரையில் எதையோ மிதித்தது. எதுவும் நிற்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அழுகை இல்லை, சுத்தமான ஆத்திரம். அதைத் துடைக்கவும் இல்லை, அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவும் இல்லை. அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"சரி... சாப்பிட்டியா?"

"இல்ல."

கேட்டால் போதும், விஷயம் முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் அவரைத் தாண்டிப் போய், சாப்பாட்டு மேஜையில் அவர் வழக்கமாக உட்காருகிற நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எடுத்துட்டு வாங்க."

அவர் சமையலறைக்குள் போனார். ஒரு அலமாரிக் கதவு திறந்தது. மூடியது. இன்னொன்று திறந்தது. ஏதோ டப்பா கீழே விழுந்து உருண்டது. அந்த வீட்டில் தலை நரைக்கிற அளவுக்கு வாழ்ந்துவிட்ட மனிதர் அங்கிருந்து மெதுவாகக் கேட்டார்.

"தட்டு எங்க இருக்கு?"

அவர் இடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை. நல்ல பசி. உட்கார்ந்திருந்தாள்.