கியரில் போட்டுவிட்டு இறங்கியவர்

ஞாயிற்றுக்கிழமை காலை சுகுமார் போன் செய்தான்.

"யக்கா, சேகரண்ணன் பூட்டாருக்கா."

"என்னடா சொல்ற? எப்படி?"

"கார் இட்ச்சிட்ச்சிக்கா. ஊட்டு வாசல்லயே."

"யாரு காருடா?"

"அவரு காருதான்."

ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் எங்கள் பம்பு தொழிற்சாலைக்காரர்கள் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதைப் படிக்கிறவர்களில் பலர் அங்கே இருந்தீர்கள். அங்கே பேசப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். "எவ்ளோ வருஷமா வண்டி ஓட்னவரு, ஆப் பண்ணாம எறங்கிட்டாரு பாரு" என்றார் ஒருவர். "வயசாச்சுல்ல, மறதி" என்றார் இன்னொருவர். "யானைக்கும் அடி சறுக்கும்" என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். மறுநாள் செய்தித்தாள் மூலையில் நாலு வரி வந்தது. அதில் 'கவனக்குறைவு' என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தால் எல்லோருக்கும் நாக்கு நீண்டுவிடுகிறது.

சேகரண்ணன் என்று நாங்கள் கூப்பிட்ட ஞானசேகர் எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். நான் கணக்குப் பிரிவு, சுகுமார் மெஷின் ஷாப். பல வருடங்கள் கள்ளிக்குப்பத்திலிருந்து பூந்தமல்லிக்கு அவருடைய பழைய வெள்ளைக் காரில் ஒன்றாகப் போய் வந்தோம். அவர் வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆவடி பேருந்துகளில் நிற்பவர்கள் கூட எங்களைத் தாண்டிப் போகும்போது இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

ஒருநாள் அடைமழையில் மேம்பால ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக் கொல்லுகின்றன. அவர் பதறவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கியரை முதலாவதில் போட்டார், கியர் குமிழைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார், அதன் பிறகுதான் கதவைத் திறந்தார்.

"இன்னா அண்ணாத்தே, கோயில் மணியா அது? ஆட்டிக்கினே கீறே" என்றான் சுகுமார்.

"ஏத்தத்துல பர்ஸ்ட்டு, எறக்கத்துல ரிவர்ஸு. கியர்ல போட்டுட்டு எறங்குனா வண்டி சொன்ன பேச்சு கேக்கும்" என்றார்.

பழைய கார் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கியரில் போட்டால் சக்கரம் நகராது. பிரேக் ஏமாற்றினாலும் கியர் பிடித்துக்கொள்ளும். அவர் இறங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தார். சமதரையிலும் செய்தார். அலுவலக வாகன நிறுத்தத்தில் மற்றவர்கள் கிண்டல் செய்தபோதும் செய்தார்.

பெருவெள்ளத்தில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மறுவருடம் கடன் வாங்கித் தரையை உயர்த்திக் கட்டினார். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். வீடு மேலே போனது, தெரு கீழேயே இருந்தது, கார் நிற்கும் இடத்திலிருந்து தெருவுக்குச் செங்குத்தாக ஒரு சரிவு வந்தது. அதில் ஒருமுறை பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் தானாக உருண்டு சாக்கடையில் விழுந்தது. அதிலிருந்து இந்தப் பழக்கத்தில் அவர் இன்னும் மோசமானார். காரைப் பின்புறமாக ஏற்றி நிறுத்துவார். வெளியே எடுக்கும்போது சரிவின் அடியில் நிறுத்தி, ரிவர்ஸில் போட்டு, குமிழை ஆட்டிப் பார்த்து, இறங்கிப் பின்னால் போய்ச் சரிவின் மேல்முனையில் இருந்த கேட்டைச் சாத்துவார். அந்தக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் அடியில். குனிந்துதான் போட வேண்டும்.

அவர் ஓய்வு பெற்றபோது மகள் பவித்ரா ஒரு பேட்டரி கார் வாங்கிக் கொடுத்தாள். தாயில்லாப் பெண். ஐ.டி. வேலையில் சேர்ந்ததிலிருந்து அப்பாவுக்கென்று பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தவள். கார் வந்த வாரமே அவர் என்னை ஏற்றிக்கொண்டு ஆவடிக்கு ஒரு சுற்று அழைத்துப் போனார். சத்தமே இல்லாத வண்டி. கியர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டை விரல் அளவுக்கு ஒரு பிடி இருந்தது. முன்னால் தள்ளினாலும் பின்னால் இழுத்தாலும், கையை எடுத்ததும் அது நடுவுக்கே திரும்பி வந்து நின்றது. எந்தக் கியரில் இருக்கிறது என்று எதிரே திரையில் ஒரு சின்ன எழுத்து மட்டும் சொல்லும். பார்க் என்பதற்குத் தனியாக ஒரு பொத்தான். இழுப்பதற்கு ஹேண்ட் பிரேக்கும் இல்லை.

மார்க்கெட் அருகே வண்டியைத் திருப்பும்போது அவர் பின்னால் போக நினைத்துப் பிடியைத் தள்ளினார். வண்டி முன்னால் பாய்ந்தது. பூக்கடைக்காரியின் கூடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவர் ஓரமாக நிறுத்திவிட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கை பாக்கணும்மா கியர. கண்ணு ரோட்டப் பாக்கணும். இதுல கைக்கு ஒண்ணியும் தெர்ல. எங்க போட்டாலும் நடுவுலயே வந்து நிக்குது, ஒண்ணும் தெரியாத புள்ள மாரி."

"கார் வாங்குன கடையில கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன். போகப்போகப் பழகிடும் சார்னான். நல்ல பையன்தான். அவன் வேற கார ஓட்னதே இல்ல போல."

வண்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. சீட் பெல்ட்டுக்கா, கதவுக்கா, பின்னால் வந்த மாட்டுக்கா, தெரியவில்லை. அது எல்லாவற்றுக்கும் ஒரே குரலில்தான் கத்தும்.

"மாத்திடலாமேண்ணே. பவித்ரா கிட்ட சொல்லுங்க."

"வாணாம்மா. ஆசையா வாங்கிக் குட்த்துச்சு. பயமா கீதுன்னு எப்பிடி சொல்றது அதாண்ட?"

அந்த ஞாயிறு கறி வாங்கக் கிளம்பியிருக்கிறார். காரைச் சரிவில் இறக்கி அடியில் நிறுத்தினார். எப்போதும் போல ரிவர்ஸில் போட்டார். இறங்கினார். இது அனுமானம் இல்லை. காரைத் தூக்கியபோது திரையில் அந்த எழுத்துதான் எரிந்துகொண்டிருந்தது என்று சுகுமார் பார்த்துச் சொன்னான். பழைய காரில் ரிவர்ஸ் என்றால் வண்டி நகராது என்று பொருள். இந்தக் காரில் ரிவர்ஸ் என்றால் பின்னால் போ என்று பொருள். நின்ற இன்ஜினுக்கும் ஓடுகிற மோட்டாருக்கும் வித்தியாசம் சொல்லச் சத்தமும் இல்லை. சரிவின் இறக்கமும் மோட்டாரின் இழுப்பும் சரிக்குச் சரியாக இருந்ததால் கார் சற்று நேரம் அசையாமல் நின்றிருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் சொன்னார். சேகரண்ணன் அதை நம்பிப் பின்பக்கம் நடந்துபோய்த் தாழ்ப்பாள் போடக் குனிந்திருக்கிறார். அப்போது மோட்டாரின் இழுப்பு மிஞ்சி, கார் பின்னால் ஏறி அவரைக் கேட்டோடு சேர்த்து இடித்திருக்கிறது.

யானைக்கு அடி சறுக்கவில்லை. யானை நின்ற தரையை மாற்றிவிட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு பவித்ராவைப் பார்க்கப் போனேன். கேட் நிமிர்த்தப்படாமல் அப்படியே சாய்ந்து கிடந்தது. அவள் காபி போட்டுக் கொடுத்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு ஆன்ட்டி" என்றாள் பிறகு. "கிச்சன்ல இருந்தேன். பீப் பீப்னு கத்திச்சு. அது எப்பவும் கத்துறதுதானேன்னு தோசையத் திருப்பிட்டு இருந்தேன்."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் அப்பா மறந்துட்டாருன்னு சொல்றாங்க. நானும் அதையே சொல்லிட்டு இருக்கேன். அவர் மறந்தார்னா காரு மேல தப்பு இல்ல. காரு மேல தப்பு இல்லன்னா என் மேலயும் இல்ல. அப்படித்தானே?"

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். அந்தப் பொய்யை அவளிடமே விட்டிருந்தால் அவளுக்கு என்றாவது தூக்கம் வந்திருக்கும். ஆனால் அதற்கு விலையாக சேகரண்ணனை ஒரு மறதிக்காரக் கிழவராக்கிப் புதைத்திருக்க வேண்டும். ஆவடியில் நடந்ததைச் சொன்னேன். பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதையும், அவளிடம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அவர் எதையும் மறக்கவில்லை, செய்ய வேண்டியதாக அவர் அறிந்த எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் இறங்கினார் என்று சொன்னேன். நீ வாங்கியது காரைத்தானே தவிர, அந்தப் பிடியை அப்படிச் செய்தது நீயில்லை என்றும் சொன்னேன். கடைசியாகச் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அவள் அழுதாள். நான் போய், அவள் எரியவிட்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "ஆபீஸ்ல அப்பாவப் பத்தி எழுதச் சொல்லிருக்காங்களாமே. நீங்க சொன்னத அப்படியே எழுதுங்க ஆன்ட்டி. நான் வாங்கிக் கொடுத்த காருன்னும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். அவரோடு வேலை பார்த்தவர்கள் அவருடைய நல்ல குணங்களை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வீர்கள். சிரிப்பை ஒருவர், பொறுமையை ஒருவர். எனக்கு அவருடைய கவனம் போதும். அது அவரைக் காப்பாற்றவில்லை. அந்தக் காலையில் அவர் கொஞ்சம் கவனம் குறைந்தவராக இருந்து, கியரைத் தொடாமல் இறங்கி, கார் முன்னால் தெருவில் தானாக உருண்டு போயிருந்தால், இன்று நம்மோடு உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்.