முதல் கழுதை

மன்னார் பஸ் நிலையத்தடியில் விடியற்காலையில் ஒரு கழுதை கத்தும். அது தனியே கத்தி ஓய்வதில்லை. ஆஸ்பத்திரி மதிலோரம் நிற்பது பதில் கொடுக்கும், அதைக் கேட்டு மீன் சந்தைக் கூட்டம் தொடங்கும், பிறகு ஊர் முழுக்கக் கச்சேரிதான். அந்த முதற்குரல் கேட்டால் இப்போதும் என் கை தானாக என் வாயைப் பொத்துகிறது. காரணம் என் தங்கையின் மகள். சின்ன வயதில் அவளுக்குக் கழுதைபோலக் கத்திக் காட்டுவேன். அவள் ஒருநாளும் எனக்குப் பாஸ் போட்டதில்லை. "முடிவில மூச்சை உள்ள இழுக்கிறது உங்களுக்கு வராது மாமா" என்பாள்.

அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கொழும்பு ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்று பெயரெடுத்த நான் விறாந்தையில் நின்று போனில் ஊருக்கெல்லாம் அலறினேன். நான் அலற அவளின் தகப்பன், என் மச்சான், அலறினார், தங்கை நிலத்தில் இருந்துவிட்டாள், பின்னேரம் மன்னாரிலிருந்து ஒரு வான் நிறைய அழுகை புறப்பட்டுவிட்டது. அந்த அமளியில் மடுமாதாவுக்கு என் தலைமுடியை வேறு நேர்ந்தேன். எனக்கு வழுக்கை என்பது நேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மருந்தில் முடி கொட்டியபோது அவள் தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். "யோசியாதேங்கோ மாமா. உங்கட நேர்த்தியை நான் குடுத்திட்டன்."

டொக்டரம்மா அவளுடைய கட்டிலிலேயே இருந்து அவளுக்குத்தான் விளங்கப்படுத்தினார். எலும்பு மச்சைக்குள் இருக்கிற கலங்கள், அதுதான் செல்கள், ஒன்றுக்கொன்று இரசாயனப் பொருள்களால் செய்தி அனுப்புமாம். 'வளர்' என்று வந்தால் நல்ல கலம் வேண்டிய அளவு வளர்ந்து அடங்கும். நோய்க்கலம் அடங்காது. அக்கம்பக்கத்துக் கலங்களையும் தூண்டிவிட்டு, அவை அனுப்பும் செய்தியிலேயே இன்னும் பெருகும். அந்தச் செய்தியை மறிக்கத்தான் விழுங்கத் தந்த புதுக் குளிசை.

"எங்கட ஊர்க் கழுதையள் மாதிரி. ஒண்டு தொடங்கினாப் போதும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எங்கட வீட்டில முதல் கழுதை நீங்கள்தான். நீங்கள் கத்தாட்டி அம்மா அழமாட்டா."

அதன்பிறகு நான் கத்தவில்லை. பயம் வந்தால் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். எனக்கு வயிறு கெட்டுவிட்டதென்று இரங்கிய தாதி ஒருவர் வெறுந்தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்து தந்தார். அதையும் குடித்தேன்.

குளிசை கொஞ்சக் காலம் மறித்தது. பிறகு நோய் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது என்றார் டொக்டரம்மா. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஒரு பின்னேரம், தங்கை கோயிலுக்குப் போயிருந்த நேரம், என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அம்மா இல்லை. ஒருக்காக் கத்துங்கோ மாமா."

கத்தினேன். பாதியில் குரல் உடைந்தது. மூச்சு விக்கி விக்கி உள்ளே போனது.

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "ஓம். இப்பதான் சரி."

அவள் போனபின் மடுத் திருவிழா ஒன்று வந்து போய்விட்டது. நான் போகவில்லை, என் நேர்த்திதான் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதே.

இன்றும் விடியற்காலையில் பஸ் நிலையத்தடிக் கழுதை கத்தியது. ஒருக்காப் பதில் கொடுத்தால் என்ன என்று கையை எடுத்தேன். பக்கத்து வீட்டில் தங்கையின் யன்னல் திறந்திருந்தது. அவள் விழித்துத்தான் கிடப்பாள்.

திரும்பவும் பொத்திக்கொண்டேன், இன்னும் இறுக்கி.