சோதனைக்கு ஒரு பெயர்

பக்கம் திறக்க எடுக்கும் நேரத்தைக் காட்டும் அந்தச் சிவப்புக் கோடு திரையில் மேலே ஏறினால் இன்றும் நான் இருக்கையை விட்டு எழுந்துவிடுவேன். நல்லூரில் எங்கள் சின்ன அலுவலகம் மரண அறிவித்தல்களுக்கென்று ஓர் இணையத்தளம் நடத்தியது. ஊரில் ஒருவர் கண்மூடினால் கனடாவும் இலண்டனும் ஒரேயடியாய் வந்து பக்கத்தைத் திறக்கும், தளம் படுத்துவிடும். அதனால், தளத்தின் பிரதி ஒன்றுக்குக் கணினியாலேயே பொய் வாசகர்களை அனுப்பி, எவ்வளவு தாங்குகிறது என்று அளக்க முடிவெடுத்தோம்.

மாதிரிக்கு ஓர் அறிவித்தல் வேண்டும், படத்தோடு. பெயரில்தான் சிக்கல். இறந்தவரின் பெயரைப் போட்டால் குடும்பம் நோகும். கற்பனைப் பெயரென்றாலும் அந்தப் பெயரில் எங்கேயோ ஒருவர் இருந்துதொலைப்பார். எங்கள் பொறுப்பாளரை அக்கா என்றே அழைப்போம். அவர் சிரித்தார்.

"என்ரை பெயரைப் போடுறன். நான் குத்துக்கல்லு மாதிரி இஞ்சதானே இருக்கிறன்."

"வாயைக் கழுவுங்கோ அக்கா" என்றேன். அவர் கேட்கவில்லை. 'கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் நல்லூரை வதிவிடமாகவும் கொண்ட...' என்று முறைப்படி எழுதி, தன் படத்தையும் சேர்த்து ஏற்றி, அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை எனக்குத் தந்தார். நான் பொய் வாசகர்களை அதற்கு அனுப்பினேன்.

கோடு ஏறியது. போதுமென்று நிறுத்தினேன். கோடு இறங்கவில்லை, இன்னும் ஏறியது. அப்படியென்றால் இப்போது திறப்பவர்கள் உண்மையான மனிதர்கள். அக்கா அறிவித்தலைப் பிரதியில் அல்ல, உண்மைத் தளத்திலேயே ஏற்றியிருந்தார்.

அதை நான் அழித்துக்கொண்டிருக்கும்போதே ரொறன்ரோவிலிருந்து அவருடைய தமையன் அழைத்தார். தங்கையின் குரலைக் கேட்டதும் அந்த மனிதர் விம்மி அழுதது எனக்கும் கேட்டது.

"அழாதேங்கோ அண்ணை, உது சும்மா சோதிக்கப் போட்டது. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லிப்போட்டனடி. அதுக்குப் பிறகு அம்மான்ரை சத்தமே இல்லை."

அக்காவின் அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், இதயத்துக்கு மருந்து எடுப்பவர். கரவெட்டி வீட்டில் தனியாக இருந்தார். அவருடைய தொலைபேசி அடித்தபடியே கிடந்தது. ஸ்கூட்டியை நான்தான் ஓட்டினேன். போகும் வழியில், வல்லை வெளிக் காற்றில், "ஐயோ, என்ரை அம்மாவை நானே சாகடிச்சுப்போட்டன்" என்று பின்னாலிருந்து அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். நான் வேகத்தைக் கூட்டினேன். எனக்கும் அதே பயம்தான்.

வீட்டு வாசல் படலையில் சனம் நின்றது. அக்காவைக் கண்டு ஒருத்தி வீரிட்டாள். அம்மா உள்ளே, சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். உயிர் இருந்தது. அக்காவின் கன்னம், கழுத்து, கை என்று தடவித் தடவிப் பார்த்தார். நடந்ததை நான் திக்கித் திணறிச் சொன்னேன். ஏச்சு விழுமென்று காத்து நின்றோம். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உதுக்கு ஒரு ஆளின்ரை பெயர் கட்டாயம் வேணுமோ?"

"ஓம் அம்மா."

"அப்ப இனி என்ரையைப் போடு."